பாலைவன ரிசார்ட்டில் தங்கல்: ஜெய்சல்மேரா, துபாயா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

காரைக்குடி முத்து:

எல்லோருக்கும் வணக்கம். அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) வயதுப் பூர்த்திச் சாந்தி முடிந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. மணல் பாலைவனம் பார்க்கவேண்டும், ஒரு ராத்திரியாவது அங்கே படுத்து எழுந்திரிக்க வேண்டுமாம். பர்மா, மலேயா என்று கப்பலேறிய குடும்பத்தில் இதுவரை ஒருத்தர்கூட ஒட்டகத்தில் ஏறியதில்லை என்பது அவர் குறை.

பிள்ளையார் நோன்பு முடியாமல் ஆத்தா ஊரைவிட்டு நகரமாட்டார்கள். தைப்பூசத்துக்கு அப்பச்சி பழனிக்கு நடைப்பயணம் போகிறவர். ஆக இடையில் கிடைக்கிற ஜனவரி நாட்கள்தான் கணக்கு. ஒன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், இல்லையென்றால் துபாய்ப் பக்கம் (தங்கச்சி ஷார்ஜாவில் இருக்கிறாள்). நாங்கள் ஆறு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

என் கவலை சாப்பாடுதான். ஆத்தா சுத்த சைவம். அப்பச்சிக்குச் சர்க்கரை, ராத்திரி ஏழரைக்கு மேல் கை நனைக்கமாட்டார், அதோடு ஒரு வேளையாவது சோறு வேண்டும். ரிசார்ட்டுகளின் படங்களில் மணலில் மேஜை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள், தட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் காட்டவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள். கூடாரமா கட்டடமா, எத்தனை ராத்திரி, சாப்பாடு வாய்க்கு விளங்குமா?


தேவகோட்டை ரவுண்டு:

முத்து அண்ணே, ஜெய்சல்மேர் போங்கள். ஆனால் கூடாரத்தில் ஒரே ஒரு ராத்திரி, மற்றதெல்லாம் ஊருக்குள் நல்ல கட்டடத்தில்.

இணையத்தில் பாலைவன முகாம் என்று வருவதில் பெரும்பங்கு சாம் என்கிற இடத்தில் இருக்கும், ஊரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் போல. சாலையோரமாக வரிசையாகக் கூடாரங்கள், ஒரு முகாமின் பாட்டு அடுத்த முகாமில் கேட்கும். நாங்கள் தங்கிய அன்று பக்கத்து முகாமின் டிஜே நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை, எங்கள் முகாம் மேலாளரிடம் கேட்டால் அது எங்களுடையது இல்லை சார் என்று கையை விரித்துவிட்டார். சத்தம் வேண்டாம் என்றால் குரி பக்கம் பாருங்கள். ஊருக்குத் தென்மேற்கே, தூரம் ஏறக்குறைய அதேதான், கூட்டம் குறைவு.

முகாம் நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மதியத்துக்கு மேல் உள்ளே விடுவார்கள், டீயும் பக்கோடாவும் வரும், அந்தி சாய ஒட்டகச் சவாரி, திரும்பி வந்தால் முற்றத்தில் பாட்டும் கால்பேலியா என்கிற நாட்டுப்புற ஆட்டமும். அந்த ஆட்டம் 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, நல்ல குழு அமைந்தால் கண்ணை எடுக்க முடியாது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாட்டுக் கூடத்தைத் திறப்பார்கள், எட்டரை ஒன்பது ஆகிவிடும். அப்பச்சிக்கு ஏழரைக்கே வேண்டும் என்பதை பதிவு செய்யும்போதே சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இறங்கிவிட்டுக் கேட்டால் 'ஹோ ஜாயேகா' (ஆகிவிடும்) என்பார்கள், ஒன்றும் ஆகாது.

சாப்பாடு என்றால் தால் பாட்டி சூர்மா கட்டாயம் இருக்கும். பாட்டி என்பது கோதுமை மாவு உருண்டை, தணலில் சுட்டு நெய்யில் முக்கித் தருவார்கள். பெரியவர்கள் அப்படியே கடித்தால் பல் போய்விடும், உடைத்துப் பருப்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடவேண்டும். சூர்மா இனிப்பு, அப்பச்சி கண்ணில் காட்டாதீர்கள். அப்புறம் கட்டே என்று கடலைமாவுத் துண்டுகள் போட்ட குழம்பு, கம்பு ரொட்டி, கடி என்கிற மோர்க்குழம்பு. சைவத்துக்குக் குறைவே இல்லை. சோறு என்றால் சீரக சாதம்தான், அதுவும் ஆறிப்போய் இருக்கும். சாம்பார், ரசம் என்ற நினைப்பை ஜோத்பூரிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

குளிர் முக்கியம். பகலில் இதமான வெயில், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும், காற்றில் ஈரமே இல்லாததால் மணல் வாங்கிய சூட்டையெல்லாம் பொழுது சாய்ந்ததும் மளமளவென்று விட்டுவிடுகிறது. துணிக் கூடாரத்தில் அது நேராக எலும்புக்கு வரும். ஹீட்டர் உண்டா, காலையில் வெந்நீர் குழாயில் வருமா வாளியில் வருமா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும், மேலே இருப்பவர் அப்படியே முன்னால் சரிவார். மூட்டுவலி இருந்தால் ஒட்டக வண்டி கேளுங்கள், சாமில் கிடைக்கும். ஆத்தாவும் பிள்ளைகளும் அதிலேயே போகலாம்.

ஊருக்குள் தங்குவதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். பட்வோன் கீ ஹவேலி என்று ஐந்து மாளிகைகள், 19-ஆம் நூற்றாண்டில் வணிகக் குடும்பம் ஒன்று கட்டியது. அப்பச்சி அதைப் பார்த்தால் அரை நாள் வெளியே வரமாட்டார். அவர்கள் ஒட்டகச் சாத்தில் (வணிகக் கூட்டத்தில்) சம்பாதித்துக் கல்லில் இழைத்தார்கள், நம் ஆட்கள் கப்பலில் சம்பாதித்து பர்மாத் தேக்கில் இழைத்தார்கள். பம்பாய்த் துறைமுகம் தலையெடுத்ததும் அந்த ஊர் வியாபாரம் படுத்தது, 1947-ல் எல்லை விழுந்ததும் மேற்கே போகிற பாதையும் அடைபட்டது. 1942-ல் பர்மாவை விட்டு வந்த கதை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.


லஹ்பாப் மணல் (ஷார்ஜா):

நான் புதுவயல்காரன், இங்கே பல வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் மணலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது என் தலையில்தான் விடிகிறது, அதனால் சொல்கிறேன்.

துபாயில் இரண்டு வேறு சமாச்சாரம் இருக்கிறது, முத்து. ஒன்று சாயங்கால சஃபாரி. மதியம் வீட்டு வாசலில் வந்து ஏற்றி, லஹ்பாப் பக்கம் செம்மணலில் வண்டியை ஏற்றி இறக்கி, ஒரு முகாமில் சாப்பாடு போட்டு ராத்திரியே வீட்டில் விட்டுவிடுவார்கள். இன்னொன்று நிஜமான ரிசார்ட், அதாவது மணலுக்கு நடுவே தங்குவது. அல் மகா என்று ஒன்று துபாய்ப் பாலைவனக் காப்பகத்துக்குள் இருக்கிறது, 225 சதுர கிலோமீட்டர் காப்பகம், ஓரிக்ஸ் மான்கள் அறைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பாப் அல் ஷம்ஸ் இருக்கிறது. அபுதாபி லிவா பக்கம் போனால் கஸ்ர் அல் சராப், ருப் அல் காலி என்கிற பெரும்பாலையின் ஓரத்தில். மணல் என்றால் அதுதான் மணல், சாமை அதன் பக்கத்தில் வைக்க முடியாது, தேவகோட்டை அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காசுதான் பிரச்சினை. அறை வாடகை என்று காட்டுகிற தொகை முழுத்தொகை இல்லை. துபாயில் சேவைக் கட்டணம் 10 சதவீதம், மாநகராட்சிக் கட்டணம் 7 சதவீதம், வாட் வரி 5 சதவீதம், அப்புறம் டூரிசம் திர்ஹாம் என்று அறைக்கு ஒரு ராத்திரிக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை ஹோட்டல் தரத்துக்கு ஏற்ப. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல்குறி போட்டிருந்தால் இதெல்லாம் இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம்.

அதைவிடப் பெரியது சாப்பாட்டுத் திட்டம். காலைப் பலகாரம் மட்டும் சேர்ந்த அறையை மலிவாக இருக்கிறதே என்று பிடித்தால், மதியமும் ராத்திரியும் அங்கே இருக்கிற உணவகத்தில்தான் சாப்பிட்டாகவேண்டும். வெளியே நடந்து போய் ஒரு புரோட்டாக் கடையில் முடித்துக்கொள்ளலாம் என்றால் வெளியே மணல்தான் இருக்கிறது. ஆறு பேருக்கு இரண்டு வேளை பில்லைப் பார்த்தால் அறை வாடகையே மறந்துபோகும். ஹாஃப் போர்டு, அதாவது காலையும் ராத்திரியும் சேர்ந்ததாக எடுங்கள். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேல் உள்ளே போகிறமாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: தங்கச்சி வீட்டில் தங்கி, ஒரு சாயங்காலம் சஃபாரி. மணலில் வண்டி குதிக்கிற அந்த அரைமணி நேரம் பெரியவர்களுக்கு வேண்டாம், நேராக முகாமுக்கு விடச்சொன்னால் விடுவார்கள். முகாம் சாப்பாடு சுமார்தான், கபாப் வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே பசி போய்விடும். சைவத்துக்கு ஹம்மூஸ் (கொண்டைக்கடலை மசியல்), சாலட், ஒரு பருப்பு, சோறு உண்டு. மறுநாள் துபாயில் கராமா பக்கம் போனால் அஞ்சப்பரும் சரவண பவனும் இருக்கின்றன, அப்பச்சி சமாதானமாகிவிடுவார்.

ரமலான் இப்போதெல்லாம் பிப்ரவரி, மார்ச் பக்கம் வருகிறது. ஜனவரியிலேயே முடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை, நோன்பு மாதத்தில் முகாம்களில் ஆட்டம் பாட்டம் பெரும்பாலும் இருக்காது.


ரைஸ்மில் ராசா:

ஏப்ரல் கடைசியில் எங்கள் மில் களத்துக்கு வாருங்கள், வெயில் இலவசம், மத்தியானச் சாப்பாடு நான் போடுகிறேன். ஒட்டகம் மட்டும்தான் இல்லை.


அடுப்படி ஆள்:

நான் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு ஹோட்டல் ஒன்றில் சமையல்கட்டில் இருக்கிறேன். அதற்கு முன்னால் ஓமானில் வஹீபா மணலில் ஒரு முகாமில் வேலை, மஸ்கட்டிலிருந்து 200 கிலோமீட்டர் போல. எல்லோரும் அறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அடுப்படிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மணலுக்குள் இருக்கிற சமையல்கட்டுக்கு எல்லாமே வண்டியில்தான் வரவேண்டும். டவுனிலிருந்து பிக்கப் வரும், மணல் தொடங்குகிற இடத்தில் டயர் காற்றை இறக்கிவிட்டுத்தான் உள்ளே ஓட்டுவான், இல்லையென்றால் புதைந்துவிடும். தண்ணீர் டேங்கரில் வரும். ஆகவே வண்டி வந்த அன்று சாலட் பச்சைப்பசேல் என்று இருக்கும், அடுத்த வண்டி வருவதற்கு முந்தின நாள் முட்டைக்கோஸும் கேரட்டும் உருளையும்தான். விருந்தாளிக்கு இது தெரியாது, சமையல்காரன் கைமணம் இல்லாதவன் என்று நினைப்பார். அந்த ஊர் சமையலே இதற்கு ஏற்றமாதிரி வளர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ராஜஸ்தானில் கேர் சாங்ரி என்று ஒரு கறி, கேர் ஒரு புதர்க்காய், சாங்ரி வன்னிமரத்தின் காய் வகை, இரண்டையும் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்வார்கள், வேண்டும்போது ஊறவைத்து எண்ணெயும் மோரும் போட்டுச் சமைப்பார்கள், தண்ணீர் ரொம்பத் தேவைப்படாது. நம் வீட்டில் கொத்தவரங்காய் வத்தல், மாவத்தல் போட்டு வைக்கிற அதே புத்திதான். அதனால் பாலைவனத்தில் அந்த ஊர்ச் சாப்பாட்டைக் கேளுங்கள். பாஸ்தா, மஞ்சூரியன் எல்லாம் பேருக்கு இருக்கும், அதில் சமையல்காரனுக்கே நம்பிக்கை இருக்காது.

பஃபே பற்றி ஒரு விஷயம். பதிவு செய்யும்போது பஃபே என்று போட்டிருப்பார்கள், ஆனால் அன்றைக்கு மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தங்கியிருக்கிறார்கள் என்றால் பஃபேயைக் கட்டிவிட்டுத் தட்டில் போட்டுக் கொடுக்கிற சாப்பாடாக மாற்றிவிடுவார்கள். எல்லா ஹோட்டலிலும் நடக்கிறதுதான், நாங்களும் செய்வோம், குற்றமில்லை. உங்களுக்கு அது நல்லதுகூட, சூடாக வரும், ஆனால் சைவம் எத்தனை பேர், காரம் குறைவாக எத்தனை பேர் என்பது முதல் நாளே அடுப்படிக்குத் தெரிந்திருக்கவேண்டும். ரிசர்வேஷனில் சொன்னது அடுப்படிக்கு வந்துசேரும் என்று நம்பாதீர்கள். உள்ளே போனதும் ரெஸ்டாரண்ட் மேலாளரையோ செஃப்பையோ நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். வளைகுடா என்றால் அடுப்படியில் தமிழோ மலையாளமோ பேசுகிற ஆள் பெரும்பாலும் இருப்பார், அப்பச்சிக்கு ஒரு ரசம் கேட்டால் வைத்துத் தராமல் இருக்கமாட்டார்கள். நானே எத்தனையோ பேருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆத்தா சுத்த சைவம் என்கிறீர்கள். அரபு நாட்டில் சோற்றைத்தான் கவனிக்கவேண்டும். மச்பூஸ், கப்ஸா மாதிரி சோறெல்லாம் கறி வெந்த தண்ணீரிலேயே வேகும். துண்டை எடுத்துப்போட்டுவிட்டுச் 'சைவம்' என்று பரிமாறுகிறவனும் உண்டு. பருப்பு சூப்பிலும் சில இடத்தில் கோழிச்சாறு சேரும். வெறும் வெள்ளைச் சோறு தனியாக வடித்துத் தரச் சொல்லுங்கள். ஹம்மூஸ், முத்தபல் (கத்தரிக்காய் மசியல்), ஃபத்தூஷ் சாலட், குப்ஸ் ரொட்டி, இவை பயமில்லை. கறி சாப்பிடுகிறவர்கள் ஓமான் பக்கம் போனால் ஷுவா கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டுக்கறியை மசாலா தடவி ஓலையில் சுற்றி மண்ணுக்குள் குழியடுப்பில் புதைத்து ஒரு நாள், இரண்டு நாள்கூட வேகவிடுவார்கள். பெருநாளில் செய்கிறது, முகாமில் எல்லா நாளும் இருக்காது.

கஹ்வா என்கிற அரபுக் காப்பி கொடுத்தால் சின்னக் குவளையில் தருவார்கள், காலியானால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் குவளையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்கவேண்டும். வாயால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எட்டுக் குவளை குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.


காரைக்குடி முத்து:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அடுப்படி அண்ணன் சொன்னதை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன், கறித்தண்ணீர்ச் சோறு என்றதும் துபாய் வேண்டாம் என்று பாதி முடிவாகிவிட்டது. அப்பச்சி இன்னும் லிவா மணல் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று கேட்கவேண்டும், துபாய் போவதானால் வீட்டிலிருந்து பொடி வகை, மசாலா எடுத்துப் போகலாமா? தங்கச்சி குழம்பு மசாலாவும் குருமாப் பொடியும் கேட்டிருக்கிறாள்.


கண்டனூர் ஆச்சி:

அப்பு, குருமாப் பொடியில் கசகசா போட்டிருந்தால் தொடவே தொடாதே. அந்த நாட்டில் கசகசாவுக்குத் தடை, போதைப் பொருள் கணக்கில் பிடிப்பார்கள். நம் மசாலாவில் பாதிக்குமேல் அது இல்லாமல் இருக்காது, வீட்டில் அரைத்தது என்றால் யார் என்ன போட்டார்கள் என்று அரைத்தவர்களையே கேட்டுக்கொள். தங்கச்சியை முந்திரி, தேங்காய் வைத்து அரைத்துக்கொள்ளச் சொல். மருந்து மாத்திரைக்கும் டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும், அங்கே சில மாத்திரைகளுக்கு முன் அனுமதி கேட்கிறார்கள்.

ஜெய்சல்மேர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் சீப்புச் சீடை, தேன்குழல். புளிக்காய்ச்சல் ஒரு சம்படம் இருந்தால் அந்தச் சீரக சாதத்தையே சரிக்கட்டிவிடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் கூடாரத்திலேயே சம்படத்தைத் திறந்து உட்காராதீர்கள், அவர்கள் சமைத்துக் காத்திருப்பார்கள். நாங்கள் போனபோது என் சம்பந்தி ஆச்சி கேர் சாங்ரியை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்கிறது என்று சைகையிலேயே கேட்டு, காய்ந்த சாங்ரி ஒரு பொட்டலமும் வாங்கிவந்துவிட்டார்கள். மூங்கில் சில்லு மாதிரி இருக்கும், ராத்திரியே ஊறப்போடவேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் கம்பு ரொட்டி, கேர் சாங்ரி, மோர், இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஆத்தாவுக்கு ஒரு கோவில் வேண்டுமே. தனோத் மாதா கோவிலுக்குக் கூட்டிப்போ, ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர் போல, எல்லைப் பாதுகாப்புப் படைதான் பார்த்துக்கொள்கிறது. 1965 சண்டையில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல் திரும்பலாம், வழியில் சாப்பாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஹோட்டலில் கட்டிக்கொடுக்கச் சொல்.


லஹ்பாப் மணல் (ஷார்ஜா):

ஆச்சி சொன்ன கசகசா விஷயம் நூற்றுக்கு நூறு. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். முத்து, லிவாவை அப்பச்சிக்குப் பகலில் காட்டிவிட்டுத் திரும்பவும் முடியும், தங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. ஷார்ஜாவிலிருந்து தூரம்தான், விடியக் கிளம்பவேண்டும், பெரியவர்களுக்கு அலுப்பு. யோசித்துக்கொள்ளுங்கள்.


தேவகோட்டை ரவுண்டு:

ஷார்ஜாக்காரர் மணல் பெரிது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்த சைவம் ஒருத்தர், சர்க்கரை ஒருத்தர், சின்னப் பிள்ளைகள் இரண்டு என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் கடையே இல்லாத இடத்தில் இரண்டு ராத்திரி என்பது வேண்டாத வேலை. ஜெய்சல்மேரில் முகாம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் மறுநாள் காலை ஊருக்குள் வந்து விழுந்துவிடலாம்.

கோட்டைக்குள்ளேயே தங்க அறைகள் உண்டு, படம் அழகாக இருக்கும், நான் வேண்டாம் என்பேன். 1156-ல் கட்டிய கோட்டை, இன்னமும் குடும்பங்கள் உள்ளே வசிக்கிற கோட்டை, அந்தக் காலத்தில் இல்லாத குழாய்த் தண்ணீர் அடித்தளத்தில் கசிந்து சுவர் பாதிக்கப்பட்ட வரலாறு இருக்கிறது. ஹோட்டல் குளியல் தண்ணீரும் சேர்ந்து அதற்கு எதற்கு? வெளியே தங்கி மொட்டை மாடியில் உட்கார்ந்து கோட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள், அந்த மாதிரி மாடி உணவகங்கள் நிறைய.


காரைக்குடி முத்து:

சரி, ஜெய்சல்மேர்தான். ஊருக்குள் மூன்று ராத்திரி, குரியில் ஒரு ராத்திரி. இப்போதுதான் குரியில் ஒரு முகாமுக்குப் போன் போட்டேன். அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ராத்திரிச் சாப்பாடு ஏழேகாலுக்குத் தருவாயா, சோறு தனியாக வடிப்பாயா, கோழி பொரிக்கிற எண்ணெயிலேயே பக்கோடா போடுவாயா என்று மூன்றுதான் கேட்டேன். நாங்கள் முழுக்க சைவம், அடுப்படியே அப்படித்தான் என்றார், நேரத்துக்கும் ஒத்துக்கொண்டார். இன்னும் ரயில்தான் பாக்கி. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பகத் கீ கோத்திக்கு நேராக ஒரு ரயில் போகிறதாமே, யாராவது போயிருக்கிறீர்களா? வயதானவர்களுக்கு அவ்வளவு நேரம் தாங்குமா?


தேவகோட்டை ரவுண்டு:

வாரத்துக்கு ஒரு தடவைதான் அது, உங்கள் தேதிக்குப் பொருந்துகிறதா பாருங்கள். பெரியவர்களை அவ்வளவு தூரம் உட்காரவைப்பதற்கு ஜோத்பூர் வரை விமானத்தில் மாறிப் போய்விடலாம், அங்கிருந்து சாலையில் 280 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். வழியில் பொக்ரான் வரும், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்தச் சொல்லுங்கள், அதைத் தாண்டினால் ரொம்ப நேரம் ஒன்றுமிருக்காது.